வளர்ச்சித் திட்டத்தில் மக்கள் கருத்துக்கேட்பு: நகர் ஊரமைப்புச் சட்ட நடைமுறையும் தென்காசிப் பகுதி விளிம்பூர்களும்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு நகரின் முழுமைத் திட்டம், ஏறத்தாழ இருபதாண்டுக் காலத்துக்கு, அந்நகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் எந்த நிலம் எதற்குப் பயன்படும் என்பதை வரையறுக்கிறது. அத்திட்டத்தின் வரைவுமீது மக்களின் கருத்தைக் கேட்கவேண்டும் என்பது தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971 விதிக்கும் கடமையாகும். அக்கடமை எந்தெந்த நிலைகளில் எழுகிறது, அதன் தரத்தை உறுதிசெய்பவை எவை, நகருக்கும் சிற்றூருக்கும் இடைப்பட்ட விளிம்பூர்களில் அது ஏன் வலுவிழக்கிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தென்காசி நகரை அடுத்த குத்துக்கல்வலசை இதற்கு எடுத்துக்காட்டுக் களமாகக் கொள்ளப்படுகிறது. கிராம சபையின் தீர்மானத்தைத் திட்டக் குழுமத்தின் கருத்துக்கேட்போடு இணைப்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு என்பதும், அவ்விணைப்பு நிகழாதவரை விளிம்பூர் மக்களின் கருத்து உரிய இடத்தைச் சென்றடையாது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: முழுமைத் திட்டம், கருத்துக்கேட்பு, நிலப்பயன்பாடு, கிராம சபை, விளிம்பூர், தென்காசி.

1. முன்னுரை

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 22.11.2019 அன்று தென்காசி மாவட்டம் உருவாயிற்று. மாவட்டத் தலைநகராகும் ஊரில் அலுவலகம், குடியிருப்பு, கடை, போக்குவரத்து ஆகியவற்றின் தேவை பெருகுவது இயல்பு. அத்தேவை நகராட்சி எல்லையோடு நின்றுவிடுவதில்லை. தென்காசி நகராட்சியும், குற்றாலம், மேலகரம், இலஞ்சி ஆகிய பேரூராட்சிகளும், இவற்றை ஒட்டிய ஊராட்சிகளும் நிலத்தால் தொடர்ந்தவை. ஆட்சி எல்லையால் பிரிந்தவை. சிற்றாற்றின் நீரும், சாரல் காலத்தில் குற்றாலத்தை நாடிவரும் மக்கள் திரளும், மதுரையையும் கொல்லத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையும் இந்த எல்லைகளைக் கருதுவதில்லை.

இவ்வாறு நகரை ஒட்டி அமைந்த ஊராட்சிகளுள் ஒன்று குத்துக்கல்வலசை. நட்டுநிறுத்திய கல்லைக் குறிக்கும் ‘குத்துக்கல்’ என்னும் சொல்லும், இடம்பெயர்ந்து குடியேறியோரின் இருப்பிடத்தைச் சுட்டும் ‘வலசை’ என்னும் சொல்லும் சேர்ந்து அமைந்த பெயர் இது. குடியேற்றத்தைப் பெயரிலேயே தாங்கிய இவ்வூர் போன்றவை, இன்று நகரத்தின் பரவலால் புதிய குடியேற்றத்தை எதிர்கொள்கின்றன. ஊராட்சியாகவே இருந்துகொண்டு நகரத்தின் தேவைக்கும் நிலம் தரும் இத்தகைய ஊர்களை இக்கட்டுரை ‘விளிம்பூர்’ எனக் குறிக்கிறது. குறிப்பிட்ட ஒரு திட்ட ஆவணத்தை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. விளிம்பூர் ஒன்றில் வாழ்பவரின் கருத்து, நெடுங்காலத் திட்டம் ஒன்றினுள் எவ்வழியே நுழைய இயலும் என்பதை விளக்குவதே இதன் நோக்கமாகும்.

2. முழுமைத் திட்டத்தின் இயல்பு

1971ஆம் ஆண்டுச் சட்டம் மண்டலத் திட்டம், முழுமைத் திட்டம், புதுநகர் வளர்ச்சித் திட்டம், விரிவான வளர்ச்சித் திட்டம் எனப் பல படிநிலைகளில் திட்டங்களை வகுக்கிறது. இவற்றுள் முழுமைத் திட்டம், ஒரு திட்டப் பகுதியின் நிலம் முழுவதையும் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை, பொழுதுபோக்கு முதலிய பயன்பாடுகளாக வகைப்படுத்துகிறது. சாலைகளுக்கும் பொது வசதிகளுக்கும் இடம் குறிக்கிறது.

இவ்வகைப்பாடு வரைபடத்தில் ஒரு நிறமாக மட்டுமே தோன்றும். அதன் விளைவோ புல எண் ஒவ்வொன்றிலும் உணரப்படும். வேளாண்மை எனக் குறிக்கப்பட்ட நிலத்தில் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கிடைப்பது அரிது. குடியிருப்பு எனக் குறிக்கப்பட்டால் அதன் விலை உயரும். அதே வேளையில், அந்நிலத்துக்கு நீர் கொண்டுசெல்லும் வாய்க்காலைப் பேணவேண்டிய தேவை மறைந்ததாகக் கருதப்படும் நிலையும் எழும். ஒருவர் தம் வயலை விற்க விரும்பாவிடினும், மேல்மடைக்காரரின் வயல் மனையாகும்போது கீழ்மடைக்காரரின் பாசனம் தடைப்படும். ஆகவே நிலப்பயன்பாடு என்பது தனியொரு உரிமையாளரின் பொருளாக மட்டும் அமைவதன்று. ஒரு குளத்தின் ஆயக்கட்டு முழுவதற்கும் பொதுவான செய்தியாகும்.

சாலைக்கெனக் குறிக்கப்படும் நிலத்தின் நிலை இன்னும் நுட்பமானது. நிலம் உடனே எடுக்கப்படாவிடினும், குறியீடு இருக்கும்வரை உரிமையாளர் அதில் கட்டடம் எழுப்பவோ அதனை நல்ல விலைக்கு விற்கவோ இயலாது. இந்த இடர்ப்பாட்டைக் கருதியே சட்டத்தின் 38ஆம் பிரிவு ஒரு வரம்பை விதிக்கிறது. திட்ட அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் நில எடுப்புக்கான விளம்புகை வெளியிடப்படாமலும், உடன்பாட்டின்வழி நிலம் பெறப்படாமலும் இருப்பின், அந்நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும்.

திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள ஊர்களும் இச்சட்டத்தின் பிடிக்கு அப்பாற்பட்டவையல்ல. வேளாண் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கென 47-அ பிரிவும், அதன்கீழ் 2017இல் வகுக்கப்பட்ட விதிகளும் உள்ளன. நஞ்சை நிலமாயின் மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவை. அதே ஆண்டில் வந்த மற்றொரு விதித்தொகுப்பு, 20.10.2016க்கு முன் தோன்றிய ஒப்புதலற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த வழிசெய்தது. ஒப்புதலற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் விதித்த தடையே இதற்குப் பின்னணி. திட்டமின்றி நிலம் மனையாகும்போது சாலை, வடிகால், குடிநீர் ஆகியவற்றின் சுமை பின்னர் உள்ளாட்சியின்மீது விழுகிறது என்பதை இவ்வரன்முறைப்படுத்தல் உணர்த்திற்று. எனவே விளிம்பூர்களுக்குத் திட்டம் வேண்டாம் என்பது தீர்வாகாது. திட்டத்தினுள் அவ்வூராரின் அறிவும் இடம்பெறவேண்டும் என்பதே தீர்வாகும்.

3. சட்டம் திறந்துவைக்கும் வாயில்கள்

மக்கள் கருத்துக்கேட்பு என்றவுடன் வரைவு வெளியான பிறகு மனு அளிக்கும் நிகழ்வே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. சட்டத்தை ஊன்றி நோக்கின் மூன்று வாயில்கள் புலப்படும்.

முதலாவது, எல்லை வரையறுக்கும் நிலை. ஒரு பகுதியைத் திட்டப் பகுதியாக அறிவிக்கும் எண்ணத்தை அரசு முதலில் அறிவிக்கை வாயிலாக வெளியிடவேண்டும். அப்பகுதியில் வாழ்பவரோ, உள்ளாட்சி அமைப்போ, நிறுவனமோ இரண்டு மாதத்துக்குள் அரசுக்கு எழுத்துவழி ஆட்சேபணை அளிக்கலாம் என 10ஆம் பிரிவு கூறுகிறது. உள்ளாட்சி அமைப்பு இங்குப் பெயர் சுட்டியே குறிக்கப்படுவது கருதத்தக்கது. ஓர் ஊராட்சி நகரத்தின் திட்டத்தினுள் வருமா, வராதா என்பது இந்நிலையிலேயே முடிவாகிறது. ஆயினும் மக்கள் மிகக் குறைவாக அறிந்த வாயில் இதுவே.

இரண்டாவது, வரைவு நிலை. திட்டக் குழுமம் ஆக்கிய வரைவுக்கு 24ஆம் பிரிவின்படி அரசின் இசைவு கிடைத்தபின், 26ஆம் பிரிவின்படி அரசிதழிலும் அப்பகுதியின் முதன்மை நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியாகவேண்டும். வரைவைப் பார்வையிடக்கூடிய இடமும் அதில் குறிக்கப்படவேண்டும். எவர் வேண்டுமாயினும் ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுத்துவழி அளிக்கலாம். இதற்கான காலம் அரசிதழ் அறிவிப்பிலிருந்து இரண்டு மாதத்துக்குக் குறைதல் கூடாது.

மூன்றாவது, நேரில் கேட்கப்படும் நிலை. மனு அளித்தோருள் தம்மை நேரில் கேட்குமாறு வேண்டியவர்களுக்குத் தக்க வாய்ப்பளித்து, தேவையான திருத்தங்களைச் செய்தபின்னரே குழுமம் திட்டத்தை அரசின் ஒப்புதலுக்கு அனுப்ப இயலும். மனுவில் இவ்வேண்டுகோளை எழுதாதவருக்கு இவ்வாயில் திறப்பதில்லை. ஒரு தொடரைச் சேர்த்து எழுதுவதில் இவ்வுரிமை அடங்கியுள்ளது என்பதை மனு எழுதுவோர் அறிதல் வேண்டும்.

திட்டம் நடைமுறைக்கு வந்தபின் அதனை மாற்றுவதற்கு 32ஆம் பிரிவு இடமளிக்கிறது. தனித்தனிப் புல எண்களின் பயன்பாட்டை மாற்றும் விண்ணப்பங்கள் இவ்வழியே வருகின்றன. வரைவு நிலையில் ஒரு முறை கேட்கப்பட்ட மக்கள், அதன்பின் நிகழும் நூற்றுக்கணக்கான சிறு மாற்றங்களைத் தொடர்ந்து கவனித்தல் அரிது. ஆதலால் கருத்துக்கேட்பு ஒரு நாள் நிகழ்வாக அமையாமல், திட்டக் காலம் முழுவதும் நீளும் உறவாக அமையவேண்டியுள்ளது.

4. கருத்துக்கேட்பின் தரம்

செர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் வெளியிட்ட கட்டுரையில் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக உருவகித்தார். அவ்வேணியில் ‘கருத்துக்கேட்பு’ நான்காம் படியில் நிற்கிறது. கேட்டவற்றைக் கருதியாகவேண்டும் என்னும் உறுதி இல்லாதபோது அது சடங்காகச் சுருங்கும் என்பது அவர்தம் கருத்து. சட்டத்தின் சொற்களை நிறைவேற்றிய கருத்துக்கேட்பு அனைத்தும் ஒரே தரத்தன ஆகா. அத்தரத்தை நான்கு கூறுகளால் அளக்கலாம்.

அ) காலம். இரண்டு மாதம் என்பது தாளில் போதுமானது. தென்காசிப் பகுதியில் நெல் வேளாண்மை கார், பிசானம் என இரு பருவங்களாக நடைபெறுவது. அறிவிப்பின் இரண்டு மாதம் நடவிலோ அறுவடையிலோ விழுந்தால், நிலத்தோடு நேரடித் தொடர்புடையோர் மனு எழுத ஓய்வின்றி இருப்பர். சாரல் காலமாயின் குற்றாலத்துச் சிறு கடைக்காரர்களும் வாகன ஓட்டுநர்களும் அதே நிலையில் இருப்பர். நாள்களின் எண்ணிக்கையோடு பருவத்தையும் கருதுதல் இன்றியமையாதது.

ஆ) மொழி. இங்கு மொழி என்பது தமிழா, ஆங்கிலமா என்னும் வினாவோடு முடிவதன்று. 26ஆம் பிரிவின் வாசகம் அறிவிப்பைப் பேசுகிறதேயன்றி, வரைவு எந்த மொழியில் இருக்கவேண்டும் எனத் தனியே கூறவில்லை. இதற்கு மாறாக, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, ஆய்வுச் சுருக்கத்தை வட்டார மொழியிலும் அளிக்கவேண்டும் என விதிக்கிறது. அவ்வறிவிக்கைக்கு மாற்றாக 2020இல் வந்த வரைவை எட்டாம் அட்டவணை மொழிகளில் வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தமிழில் வெளியிட்டாலும், வரைபடத்தின் நிறங்களும் குறியீடுகளும் ஊராருக்குப் புரிவது உறுதியில்லை. ஊரார் தம் நிலத்தைப் புல எண்ணால் அறிவர். அதைவிடவும் குளத்தின் பெயரால், மடையின் பெயரால், கோயில் தோப்பின் பெயரால் அறிவர். வரைவு அப்பெயர்களைத் தாங்காவிடின், தம் வயலே வரைபடத்தில் உள்ளது என்பதை அதன் உரிமையாளர் அறியாது போவார்.

இ) இடம். வரைவு திட்டக் குழுமத்தின் அலுவலகத்தில் மட்டும் வைக்கப்படுமாயின், ஒரு நாள் கூலியை இழந்து சென்று பார்ப்போர் சிலரே. ஊராட்சி அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்திலும் அவ்வூர்ப் பகுதியின் வரைபடம் பெரிதாக ஒட்டப்பட்டால், எழுதப்படிக்க அறியாதவரும் அருகிலிருப்பவரைக் கேட்டு அறிவர்.

ஈ) மறுமொழி. நான்கனுள் இதுவே முதன்மையானது. அளித்த மனுவுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறியாதவர் அடுத்த முறை மனு அளிக்க முன்வருவதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4(1) பிரிவு, முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது தொடர்புடைய செய்திகள் அனைத்தையும் வெளியிடவும், நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டோருக்கு அளிக்கவும் பொது அதிகார அமைப்புகளைக் கடமைப்படுத்துகிறது. ஆகவே, ஏற்கப்பட்ட கருத்து எது, மறுக்கப்பட்டது எது, ஏன் என்னும் பட்டியலைக் கோருவதற்குச் சட்ட அடிப்படை ஏற்கெனவே உள்ளது.

5. பிற இடங்களின் பட்டறிவு

மும்பை மாநகராட்சி 2034ஆம் ஆண்டை இலக்காகக் கொண்ட வளர்ச்சித் திட்ட வரைவை 2015 பிப்ரவரியில் வெளியிட்டது. மக்கள் தத்தம் தெருவை வரைபடத்தில் தேடிப் பார்த்தபோது, இருக்கும் கட்டடங்களின்மீது சாலை வரையப்பட்டமை முதலிய பிழைகளைக் கண்டனர். 60,000க்கும் மேற்பட்ட ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் குவிந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் மாநில அரசு அவ்வரைவைத் திருத்தி ஆக்குமாறு பணித்தது. புதிய வரைவு 2016இலும் ஒப்புதல் 2018இலும் வந்தன. வல்லுநர் காணாத பிழையை அத்தெருவில் வாழ்பவர் கண்டார் என்பது இந்நிகழ்வின் சாரமாகும். தில்லியின் 2041ஆம் ஆண்டுத் திட்ட வரைவு 2021இல் வெளியானபோதும் ஏறத்தாழ 33,000 மனுக்கள் வந்தன.

தமிழ்நாட்டில் சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2007இல் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டு 2.9.2008 அன்று அரசின் ஒப்புதல் பெற்றது. மூன்றாம் முழுமைத் திட்டத்துக்கு, வரைவு ஆக்கப்படுவதற்கு முன்பே தொலைநோக்கு ஆவணத்துக்கென மக்களின் எதிர்பார்ப்புகள் 2022இல் கேட்கப்பட்டன. கருத்துக்கேட்பு முன்கூட்டியே தொடங்குதல் நல்ல மாற்றமாகும். கோயம்புத்தூரில் 1994ஆம் ஆண்டுத் திட்டத்துக்குப் பிறகு அடுத்த வரைவு 2024இல்தான் மக்கள் முன் வந்தது. ஒரு முறை தவறவிட்ட வாய்ப்பு மீண்டும் வர ஒரு தலைமுறைக் காலம் ஆகலாம் என்பதை இவ்விடைவெளி காட்டுகிறது.

இங்கிலாந்தில் உள்ளாட்சித் திட்டங்களுக்கான 2012ஆம் ஆண்டு விதிகள் இரு கட்டக் கருத்துக்கேட்பை வகுத்தன. மக்கள் எழுப்பிய முதன்மையான வினாக்கள் எவை, அவை எவ்வாறு கருதப்பட்டன என்னும் அறிக்கையைத் திட்டத்துடன் சேர்த்தே அளிக்கவேண்டும். அதன்பின் தற்சார்புடைய ஆய்வர் ஒருவர் திட்டத்தைப் பொதுவில் ஆராய்வார். திட்டத்தை ஆக்கியவரே அதன்மீதான ஆட்சேபணைக்கும் நடுவராதல் கூடாது என்னும் நெறி இதில் அடங்கியுள்ளது.

தென்காசிக்கு அண்மையில், ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால், கேரளம் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கிற்று. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. கிராம சபையில் தேவைகள் தொகுக்கப்பட்டு, வளர்ச்சி அறிக்கையாகி, கருத்தரங்கில் ஆராயப்பட்ட பிறகே திட்டமாயின. 1.11.1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் - கொச்சியோடு இருந்ததை நினைப்பின், ஒரு காலத்தில் ஒரே ஆட்சியின்கீழ் இருந்த ஊர்கள் இன்று இருவேறு திட்ட மரபுகளில் நிற்கின்றமை புலப்படும்.

6. விளிம்பூரின் இரட்டை நிலை

குத்துக்கல்வலசை போன்ற ஊராட்சிக்குத் தனக்கென ஓர் அவை உண்டு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன்படி வாக்காளர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகியனவும் பின்னர்ச் சேர்க்கப்பட்டு ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. மக்கள்தொகைக்கு ஏற்ப 50 முதல் 300 பேர் வரை வருகை தேவை. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டமும் ஆண்டுதோறும் இவ்வவையின் ஒப்புதலைப் பெறுகிறது.

ஆனால் இவ்வவை பேசும் பொருள் வேறு. முழுமைத் திட்டம் பேசும் பொருள் வேறு. கிராம சபையில் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் சாலைச் சீரமைப்பும் பேசப்படுகின்றன. அவை ஓராண்டின் செய்திகள். அவ்வூரின் குளமும் ஆயக்கட்டும் இருபதாண்டுக்குப் பின் எந்நிலையில் இருக்கும் என்பது திட்டக் குழுமத்தின் வரைபடத்தில் முடிவாகிறது. குரல் எழுப்பும் மன்றம் ஓரிடத்திலும், முடிவெடுக்கும் மன்றம் வேறிடத்திலும் இருப்பதே விளிம்பூரின் இரட்டை நிலையாகும்.

அரசமைப்பு இவ்விடைவெளியை முன்னரே கண்டுள்ளது. 243-இசட்டி பிரிவு, ஊராட்சிகளின் திட்டங்களையும் நகராட்சிகளின் திட்டங்களையும் ஒருங்கிணைக்க மாவட்டத் திட்டக் குழுவை அமைக்கிறது. இடஞ்சார் திட்டமிடல், நீர்ப் பகிர்வு, சுற்றுச்சூழல் பேணல் முதலிய இருசாராருக்கும் பொதுவானவற்றை அக்குழு கருதவேண்டும். அதன் உறுப்பினருள் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதோர் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினரிலிருந்து வருவர். தென்காசி, குற்றாலம், மேலகரம், இலஞ்சி, அவற்றைச் சூழ்ந்த ஊராட்சிகள் என எல்லைகள் நெருங்கிய பகுதிக்கு இப்பிரிவு பெரிதும் பொருந்துவதாகும்.

இன்னொரு மாற்றமும் கருதத்தக்கது. விளிம்பூர் நகராட்சியோடு இணைக்கப்படுமாயின் கிராம சபை மறையும். அவ்விடத்தில் வார்டு குழுவும் பகுதி சபையும் வரும். தமிழ்நாட்டில் பகுதி சபைகள் 1.11.2022 அன்று முதன்முறையாகக் கூடின. ஆனால் கிராம சபையில் வாக்காளர் அனைவரும் கூடித் தீர்மானம் இயற்றுவதற்கு ஈடான வலிமையைப் பகுதி சபை இன்னும் பெறவில்லை. எனவே எல்லை மாற்றமும் திட்ட ஆக்கமும் ஒரே காலத்தில் நிகழும் ஊரில், மக்களின் குரல் இரண்டு அவைகளுக்கும் இடையே விழுந்துவிடும் இடர் உண்டு.

7. இணைப்புக்கான வழி

புதிய சட்டம் இல்லாமலேயே செய்யத்தக்கவை சில உள. 26ஆம் பிரிவின்படி எவரும் கருத்து அளிக்கலாம். ஆதலின் ஊராட்சி மன்றம் அளிப்பதற்குத் தடையில்லை. 10ஆம் பிரிவோ உள்ளாட்சியை வெளிப்படையாகவே குறிக்கிறது. திட்ட அறிவிப்பு வந்தவுடன் கிராம சபையைக் கூட்டி, அவ்வூரின் நீர்நிலை, ஓடை, மேய்ச்சல் நிலம், சுடுகாடு, நத்தம் ஆகியவற்றைப் புல எண்ணோடும் ஊர்வழக்குப் பெயரோடும் பட்டியலிட்டு, வரைபடத்தோடு ஒப்பிட்டுத் தீர்மானமாக அனுப்பலாம். அதில் நேரில் கேட்கப்படும் வேண்டுகோளையும் சேர்க்கலாம். தனியொருவரின் மனு தம் நிலத்தைப் பற்றியதாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படலாம். ஊர் முழுவதின் தீர்மானத்தை அவ்வாறு ஒதுக்குதல் எளிதன்று.

இதற்கு ஒரு வரம்பும் உண்டு. ஊரார் அனைவரும் ஒரே நலம் உடையவர் அல்லர். நிலம் மனையாவதை விரும்பும் உரிமையாளரும், அதே நிலத்தில் கூலி வேலை செய்வோரும், நிலமே இல்லாதோரும் ஒரே அவையில் அமர்கின்றனர். நிலமுடையோரின் குரல் தீர்மானமாகி, நிலமற்றோரின் குடியிருப்புத் தேவை மறைக்கப்படுமாயின், கருத்துக்கேட்பு மற்றொரு வகை ஏற்றத்தாழ்வுக்கே துணைபோகும். எனவே தீர்மானத்தில் மாறுபட்ட கருத்துகளும் பதிவாதல் வேண்டும்.

இப்பணியில் கல்லூரிகளுக்கும் பங்குண்டு. புவியியல், பொருளியல், தமிழ் ஆகிய துறைகளின் மாணவர்கள் ஊர்வழக்கு இடப்பெயர்களையும் பாசன அமைப்பையும் கள ஆய்வுவழித் தொகுத்தால், அத்தொகுப்பு ஆய்வேட்டோடு நில்லாமல் திட்ட வரைவைச் சரிபார்க்கும் கருவியாகவும் பயன்படும்.

8. முடிவுரை

மக்கள் கருத்துக்கேட்பின் சட்ட வடிவம் தமிழ்நாட்டில் ஐம்பதாண்டுகளாக உள்ளது. எல்லை, வரைவு, நேரில் கேட்டல் என்னும் மூன்று வாயில்களை 1971ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவைத்துள்ளது. காலம், மொழி, இடம், மறுமொழி ஆகிய நான்கும் பொருந்தும்போதே அவ்வாயில்கள் வழியே மக்கள் நுழைய இயலும். விளிம்பூர்களில் கிராம சபையும் திட்டக் குழுமமும் ஒன்றையொன்று அறியாது இயங்குவதால், ஊரறிவு திட்டத்தைச் சென்றடையவில்லை. கிராம சபைத் தீர்மானத்தைச் சட்டப்படியான கருத்தாக அளித்தலும், காரணத்தோடு கூடிய மறுமொழியைத் திட்டக் குழுமம் வெளியிடுதலும், மாவட்டத் திட்டக் குழு இவ்விரண்டையும் இணைத்தலும் உடனடித் தேவைகளாகும். குளத்துக்கு நீர் வரும் வழியை அறிந்தவர் அவ்வூரில் உள்ளார். அவ்வழியின்மேல் சாலை வரையப்படுவதற்கு முன்பே அவரைக் கேட்டறிதல் திட்டமிடுவோரின் கடமையாகும்.